சும்மா அரிசி

பவுலினுக்குச் சும்மா இருக்க வராது. நல்ல காலத்தில் அது ஒரு குறையே இல்லை, ஊர் மெச்சுகிற குணம். ஜப்பான்காரன் காலத்தில் அதுவே அவள் கழுத்தைப் பிடித்தது.

அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது குடும்பம் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து கேமரன் மலைக்கு ஏறி வந்தது. அப்போது இங்கே தேயிலை ஏது? வெட்டிச் சாய்த்த காடும் எரிந்த கட்டைகளும் எலும்புவரை இறங்குகிற குளிரும்தான். பெரியவர்கள் காடு வெட்டினார்கள், பிள்ளைகளைப் புல்லுவெட்டில் போட்டார்கள். வளர்ந்த பிறகு மற்றப் பெண்களெல்லாம் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போய்விட, பவுலின் மட்டும் புல்லுவெட்டிலேயே நின்றுவிட்டாள். அவள் விரல் பட்டால் கொழுந்து கசங்குகிறது என்று கங்காணி கருப்பையா சொல்லிவிட்டார். அவளும் அதற்காக அழவில்லை. கிள்ளினால் அடுத்த வாரம் மறுபடி முளைத்து நிற்கிற கொழுந்தில் என்ன திருப்தி என்பாள். புல்லும் அப்படித்தானே முளைக்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால் அன்றைக்கு அவர்களோடு பேச மாட்டாள்.

வெள்ளைக்காரத் துரையின் சட்டமும் அவளுக்குத் தோதாகத்தான் இருந்தது. தேயிலையைத் தவிர வேறு எது பச்சையாகத் தலை நீட்டினாலும் அது திருடித் தின்ன வந்தது என்பது துரையின் எண்ணம். மண் தெரிய வேண்டும், செக்கச்செவேலென்று தெரிய வேண்டும். கோலாலம்பூரிலிருந்து பெரிய துரை பார்வையிட வருகிறார் என்ற சேதி வந்தால் போதும், லயத்து வீடுகளில் அடுப்பு எரியாது. கிழவி முதல் குமரி வரைக்கும் சங்கோல் என்கிற மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மலையைச் சுரண்டப் போய்விடுவார்கள். ஒரு நிரையில் ஒரு புல் நின்றாலும் அந்த நிரைக்குப் பாதிக் கூலிதான். பவுலினின் நிரையில் எந்தப் பெரிய துரையும் ஒரு புல்லைக் கண்டதில்லை. "புல்லுவெட்டு பவுலின்" என்றால் அடுத்த தோட்டத்துக்காரனுக்கும் தெரியும்.

பழக்கம் வேலைக்காட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தாப்பாவிலிருந்து சாமியார் ஏறி வந்து பூசை வைக்கிற நாளில், எல்லாரும் முழந்தாளிட்டுச் செபம் சொல்ல, பவுலினும் சொல்வாள். கை மட்டும் மாதா சிலை வைத்த கெபியின் ஓரத்தில் புல் பிடுங்கிக்கொண்டிருக்கும். மாமனாரை அடக்கம் செய்த அன்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதவள், அழுகையோடு அழுகையாகப் பக்கத்துக் கல்லறையையும் சுத்தம் பண்ணிவிட்டுத்தான் எழுந்தாள்.

அவளைக் கட்டிய அல்போன்ஸ் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அவன் நேர் எதிர். தொழிற்சாலை மாடியில் கொழுந்து வாட்டுகிற வேலை அவனுக்கு. தட்டுகளில் இலையைப் பரப்பிவிட்டால் அதுபாட்டுக்கு வாடும். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து பனியைப் பார்த்துக்கொண்டிருப்பான். "எல வாடுறதுக்கு நான் என்ன உதவி பண்ண முடியும்? கூட உக்காந்திருக்கேன், அது ஒரு தொணை" என்பான். இப்படி ஒரு சோம்பேறியைக் கட்டி வைத்துவிட்டார்களே என்று பவுலின் தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் அந்த மனுசன் என்றால் அவளுக்கு உயிர். நாளெல்லாம் மலையோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளை உட்கார வைத்துச் சிரிக்க வைக்கிற ஆள் அந்த லயத்தில் அவன் ஒருவன்தான்.

ரிங்லெட் ஊருக்கு இறங்குகிற ரோட்டுக்கு மேலே ஒரு சரிவு இருந்தது. சண்டைக்கு முந்தின வருடம் புதுத் தேயிலை போடுவதற்காக அதில் காடு வெட்டி எரித்திருந்தார்கள். கன்று வரும்வரைக்கும் அங்கே ஒன்றும் முளைத்துவிடக் கூடாது என்று மாதந்தோறும் சுரண்டச் சொன்னார் துரை. சுரண்டியது பவுலினும் புல்லுவெட்டு ஆட்களும்தான். கன்று வரவில்லை, ஜப்பான்காரன் வந்தான். துரை காரில் நாயை ஏற்றினார், தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி அம்புரோஸின் கையில் சாவியைக் கொடுத்தார், மலையிறங்கிப் போய்விட்டார்.

அப்புறம் நடந்ததெல்லாம் பசிதான். தேயிலையை வாங்க ஆளில்லை, தொழிற்சாலை மூடிக் கிடந்தது. அரிசி கண்ணில் படுவதே அருமை. ஆளாளுக்கு மலையை வெட்டி மரவள்ளியும் சக்கரவள்ளியும் போட்டார்கள். வெட்டின மலையில் மழை விழுந்தது. மண் குழைந்து ரோட்டில் இறங்கியது. மேலே இருந்த சீனர் தோட்டங்களிலிருந்து பட்டாளத்துக்குக் காய்கறி ஏற்றி வந்த லோரிகள் சேற்றில் மாட்டிக்கொண்டு நின்றன. தங்கள் சாப்பாட்டில் கை வைத்ததும்தான் ஜப்பான்காரனுக்கு மலையின் மேல் அக்கறை வந்தது.

அதே நாட்களில்தான் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிற பேச்சும் வந்தது. முதலில் நல்ல சாப்பாடு, நல்ல கூலி என்று கூப்பிட்டார்கள். பிறகு கூப்பிடவில்லை, லோரியைக் கொண்டுவந்து நிறுத்தி ஏற்றினார்கள். போனவர்களில் ஒருவன்கூடத் திரும்பி வந்து லயத்தில் படுக்கவில்லை. ஆம்பளை இருக்கிற வீட்டிலெல்லாம் லோரிச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்தினார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவிலே ஒருநாள் காலையில், பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் கிராணி அம்புரோஸ் வந்து நின்றார். சாவியை வாங்கிக்கொண்டவர் இப்போது ஜப்பான் ஆபீஸுக்கு வேலை பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர்.

"ரோட்டுக்கு மேல உள்ள சரிவுல இனிமே ஒண்ணும் நடக் கூடாது" என்றார். "கெழங்கு போடக் கூடாது, ஆடு விடக் கூடாது, வெறகு வெட்டக் கூடாது. இருக்கிறபடி விட்டுடணும். மண்ணு ரோட்டுக்கு வரப்படாது. வீட்டுக்கு ஒரு துண்டுன்னு பிரிச்சுக் குடுப்பாங்க. அதைப் பார்த்துக்கிற வீட்டுக்கு மாசாமாசம் அரிசியும் உப்பும் உண்டு. அந்த வீட்டு ஆம்பளைய சயாமுக்குக் கூப்பிட மாட்டாங்க."

பவுலினுக்குப் பக்கத்து வீட்டுக்காரி இராசம்மாதான் வாயைத் திறந்தாள். "சரிங்க கிராணி ஐயா, அங்க நாங்க என்ன வேலை செய்யணும்?"

"ஒரு வேலையும் இல்ல."

"வேலை இல்லாம எதுக்குங்க அரிசி?"

"எனக்கு மட்டும் என்னம்மா தெரியும்? ஆபீஸ்ல சொன்னதைச் சொல்றேன். இன்னொண்ணு, துண்டு வாங்குற வீட்டு ஆளுங்க தோட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. எப்பவும் ஒரு ஆள் காவலுக்கு இருக்கணும்."

அன்று சாயங்காலத்துக்குள் அதற்குச் 'சும்மா அரிசி' என்று பேர் வைத்தாகிவிட்டது. அல்போன்ஸுக்கு வாயெல்லாம் பல். "இத்தனை வருசம் கழிச்சு எனக்கேத்த வேலை ஒண்ணு வந்திருக்கு லா" என்று முதல் ஆளாகப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்தான். இராசம்மாவின் புருசன் முனியாண்டியும் கொடுத்தான். இன்னும் சில வீடுகள் சேர்ந்துகொண்டன. குச்சி நட்டுச் சரிவைப் பங்கு போட்டார்கள். பவுலினுக்கு ஓரத்துத் துண்டு, ரோட்டிலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

முதல் மாதம் அரிசி அரிசியாக வந்தது. அல்போன்ஸ் சோற்றைப் பிசைந்தபடி, சும்மா இருப்பதின் அருமையைப் பற்றி மகள் பார்பராவுக்கு ஒரு பிரசங்கமே வைத்தான். அடுத்தடுத்த மாதங்களில் பை சுருங்கியது. அரிசியில் கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தன. பிறகு அதுவும் பாதியாகி, மீதிக்கு மரவள்ளி மாவு வந்தது. துண்டு வாங்காத வீடுகளில் சொந்தக் கிழங்காவது வெந்தது. துண்டு வாங்கியவர்கள் வெறும் வயிற்றோடு உட்கார்ந்து, ஒன்றும் நடக் கூடாத மலையைக் காவல் காத்தார்கள்.

பார்பராவின் கால் வீங்க ஆரம்பித்தது. பீடோரில் பவுலினின் அக்காள் இருந்தாள். கீழே மரவள்ளி சீக்கிரம் பருக்கும், மீனாவது கிடைக்கும். பிள்ளையை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வரலாம் என்றால் தோட்டத்தை விட்டு அசையக் கூடாது. துண்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றால் அடுத்த லோரியில் அல்போன்ஸ் போக வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

"அரிசியக் காட்டிக் கட்டிப் போட்டுட்டானுங்க, பார்பரா அப்பா" என்றாள் ஒருநாள்.

"சயாமுக்கு இது தேவலை பவுலினு. இங்க பசிச்சாலும் நாம மூணு பேரும் ஒண்ணா பசிக்கிறோம்."

அவன் சொன்னது சரி என்பதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

இதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சரிவில் புல் மண்டியது. பெரணி முழங்காலுக்கு வந்தது, லாலாங் புல் இடுப்புக்கு வந்தது, பேர் தெரியாத கொடியெல்லாம் பின்னிப் படர்ந்தது. பவுலின் அதன் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நாளெல்லாம் உட்கார்ந்திருந்தாள். அவள் கையாலேயே கண்ணாடியாகச் சுரண்டி வைத்திருந்த இடம் அது. லாலாங் பூத்து வெள்ளை வெள்ளையாகக் காற்றில் ஆடும்போது அவளுக்கு உடம்பெல்லாம் அரித்தது. குப்பையைக் குவித்து வைத்துக்கொண்டு அதற்கு அரிசி வாங்கித் தின்கிறோமே என்று கூசியது.

போகப்போகக் கூச்சம் பயமாக மாறியது. உலகத்தில் எந்த முதலாளி காட்டுப்புல்லுக்குக் கூலி கொடுத்திருக்கிறான்? இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு ஒருவன் வந்து பார்ப்பான். அரிசியைத் தின்றுவிட்டு மலையை இப்படிப் போட்டு வைத்திருக்கிறார்களே என்று கேட்பான். அன்றைக்கு அல்போன்ஸின் பேரை அடித்துவிட்டால்? இந்த எண்ணம் வந்துவிட்ட பிறகு அவளுக்குத் தூக்கம் கெட்டது.

சேதியும் வந்தது. கங்காணி கருப்பையா லயத்து வாசலில் வந்து நின்று, துரை காலத்தில் சொல்வது மாதிரியே சொன்னார். "நாளைக்கழிச்சு பெரிய ஆள் வராரு. ஜப்பான் ஆபீஸுக்கெல்லாம் பெரிய ஆபீஸ்லேருந்து. சரிவைப் பார்க்கத்தான் வராராம். ஆம்பளைங்க நாளைக்கு எல்லாரும் ரோட்டு வேலைக்குப் போயிரணும்."

பவுலினின் கை தானாகக் கதவுக்குப் பின்னால் இருந்த சங்கோலைத் தேடியது. அல்போன்ஸ் அதைப் பார்த்துவிட்டான்.

"வேணாம். இருக்கிறபடி விடச் சொல்லியிருக்கான்."

"நடக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. புல்லை வளர்த்து வையின்னா சொன்னாங்க? பெரிய ஆளு கார்லேருந்து எறங்குனதும் நம்ம துண்டுதான் மொதல்ல தெரியும். லாலாங்கு ஆள் ஒசரம் நிக்குது. ஒங்க பேரை அடிச்சுட்டா நான் எங்க போவேன்?"

"மண்ணு ரோட்டுக்கு வரக் கூடாதுன்னானே, அது?"

"கெழங்கு தோண்டுனாத்தான் மண்ணு எளகும். மேலாகச் சொரண்டுனா என்ன ஆகும்? எத்தனை வருசமா சொரண்டுறேன், எனக்குத் தெரியாதா?"

"பவுலினு, சும்மா இருக்கத்தான் அரிசி. ஒரு நாளைக்கு, ஒரே ஒரு நாளைக்குச் சும்மா இரேன்" என்றான் அவன். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளும் சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் ஆம்பளைகள் ரோட்டு வேலைக்கு இறங்கிப் போனார்கள். பவுலின் காவலுக்குப் போனாள். சங்கோலை எடுக்காமல்தான் போனாள், அதைச் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். காலடியில் நின்ற ஒரு லாலாங்கைப் பிடுங்கினாள். ஒன்றைப் பிடுங்கினதும் பக்கத்தில் நின்றது இன்னும் அசிங்கமாகத் தெரிந்தது. அப்புறம் வீட்டுக்கு ஓடிப் போய்ச் சங்கோலை எடுத்து வந்தாள்.

பாவி, என்ன வேகம்! பசித்த உடம்பில் அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ. மாதக்கணக்காகக் கட்டிப் போட்டிருந்த கை அல்லவா? பெரணியை வேரோடு புரட்டினாள், கொடியைச் சுருட்டி இழுத்தாள், வெட்டியதை வாரி ஓடையில் தள்ளினாள். சிவப்பு மண் தெரியத் தெரிய அவளுக்கு மூச்சு சீரானது. அந்த மலையில் அவள் கடைசியாகச் சந்தோசமாக இருந்தது அந்தக் காலைப் பொழுதில்தான்.

பக்கத்துத் துண்டிலிருந்த இராசம்மா முதலில் வேடிக்கை பார்த்தாள். பவுலினின் துண்டு பளிச்சென்று தெரியத் தெரிய அவளுக்குத் தன் துண்டு பரட்டையாகத் தெரிந்தது. "ஏன்டி, நீ மட்டும் நல்ல பேரு வாங்கிக்கிட்டு எம் புருசனை லோரியில ஏத்தப் பார்க்கிறியா?" என்று கேட்டுவிட்டு அவளும் சங்கோலை எடுத்து வந்தாள். இராசம்மாவைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து அதற்கடுத்தவள். பொழுது சாயும்போது சரிவில் ஒரு புல் இல்லை. அந்தப் பக்கமாக வந்த கருப்பையா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். "இதுதான் தோட்டம்" என்றார். அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

வேலை முடிந்து ரோட்டில் வந்த அல்போன்ஸ் அண்ணாந்து பார்த்தபடியே நின்றான். வீட்டுக்கு வந்ததும், "வழுக்கத் தலை மாதிரி இருக்கு" என்றான். திட்டுவான் என்று எதிர்பார்த்தவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. அவன் அதற்கு மேல் பேசாமல் படுத்துக்கொண்டான். வழக்கமாக அப்படிப் படுக்கிறவன் இல்லை.

இரவு மழை பெய்தது. பெரிய மழைகூட இல்லை, மலையில் தினம் பெய்கிற மழைதான்.

பெரிய ஆளின் கார் சரிவுக்குக் கீழே வந்து நின்றது. நின்றது என்றால், அதற்கு மேல் போக முடியவில்லை. சிவப்புச் சேறு ரோட்டை மறித்துக் கிடந்தது. அவர் இறங்கினார். பூட்ஸ் சேற்றில் புதைந்தது. குனிந்து பூட்ஸைப் பார்த்தார், நிமிர்ந்து மலையைப் பார்த்தார். கத்தவில்லை, யாரையும் அறையவில்லை. அறைந்திருந்தால் தேவலை. கூட வந்த ஆபீஸ் ஆளின் காதில் மெதுவாக ஏதோ சொன்னார். ஆபீஸ் ஆள் அம்புரோஸிடம் சொன்னார். வரிசையாக நின்ற துண்டுக்காரக் குடும்பங்களிடம் வந்தார் அம்புரோஸ்.

"புல்லை ஏன் எடுத்தீங்கன்னு கேக்குறாரு."

பவுலின்தான், "நீங்க வர்றீங்கன்னு சுத்தம் பண்ணோம்னு சொல்லுங்க ஐயா" என்றாள்.

அம்புரோஸ் சொன்னார். பெரிய ஆள் அதைக் கேட்டு லேசாகச் சிரித்தார். அம்புரோஸ் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ரத்தம் இல்லை. "பொய் சொல்லாதேங்கிறாரு. பசியில கெடக்கிறவங்க மலையச் சுத்தம் பண்றது எதுக்குன்னு தெரியாதான்னு கேக்குறாரு. கெழங்கு போடத்தான் நெலத்தைத் தயார் பண்ணியிருக்கீங்களாம்."

"ஆண்டவரே, கெழங்கு நெனைப்பே இல்லீங்க ஐயா. வெதைக்கொடி ஒண்ணாச்சும் எங்கிட்ட இருக்கான்னு வீட்டைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்க."

அம்புரோஸ் அதைச் சொன்னாரோ இல்லையோ. என்ன சொன்னாலும் பெரிய ஆள் நம்பியிருக்க மாட்டார். வயிறு காய்கிறவள் விருந்தாளிக்காக மலையைத் துடைத்து வைத்தாள் என்பதை, தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளராத எவன்தான் நம்புவான்? பவுலின் கொப்புளம் வெடித்த கைகளை விரித்துக் காட்டினாள். பார், எவ்வளவு உழைத்திருக்கிறேன் என்று காட்டினாள். பெரிய ஆள் கைகளைப் பார்த்துத் தலையசைத்தார், சந்தேகம் தீர்ந்த மாதிரி.

"அரிசி எல்லாருக்கும் நிறுத்தியாச்சு" என்றார் அம்புரோஸ். "துண்டுக்கார ஆம்பளைங்க எல்லாரும் நாளைக்கு லோரியில ஏறணுமாம்." இராசம்மா பெருங்குரலில் அழத் தொடங்கினாள். அம்புரோஸ் சேற்றைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார். "ஒண்ணு கேக்குறாரு. ஆரம்பிச்சது யாரு? ஒருத்தர்தான் தூண்டி விட்டிருக்கணுமாம். அது யாருன்னு தெரிஞ்சா மத்தவங்களை விட்டுருவாராம்."

ஒருவரும் பவுலினைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் அவளைப் பார்க்காமல் இருந்ததே அவளுக்குத் தெரிந்தது. முனியாண்டி மண்ணைப் பார்த்தான், அவன் பிள்ளைகள் அவன் காலைக் கட்டிக்கொண்டு நின்றன. தன்னை அடிப்பார்கள், ஜெயிலில் போடுவார்கள், வேறென்ன செய்துவிடுவார்கள் என்று நினைத்தாள் பவுலின். முன்னால் வந்தாள்.

"நான்தாங்க. மத்தவங்க என்னைப் பார்த்துச் செஞ்சாங்க. என்ன தண்டனைன்னாலும் எனக்குக் குடுங்க."

பேச்சு கிராணியிடமிருந்து ஆபீஸ் ஆளுக்கும், ஆபீஸ் ஆளிடமிருந்து பெரிய ஆளுக்கும் போய்த் திரும்பி வந்தது.

"ஒம் புருசன் யாரு?" என்று கேட்டார் அம்புரோஸ். அவருக்குத் தெரியாதா என்ன? அல்போன்ஸுக்கு ஞானஸ்நானத் தகப்பனே அவர்தான்.

"தப்புப் பண்ணது நான் ஐயா."

"ரயில் போடறதுக்குப் பொம்பளை வேணாமாம்."

அல்போன்ஸ் வரிசையிலிருந்து தானாகவே வெளியே வந்து நின்றான். பவுலின் பெரிய ஆளின் காலில் விழப் போனாள். சேற்றில் வழுக்கிப் பாதியிலேயே விழுந்தாள். அவர் அதற்குள் காருக்குத் திரும்பியிருந்தார்.

மறுநாள் காலையில் லோரி வந்தது. வேறு தோட்டத்து ஆட்கள் ஏற்கனவே அதில் நின்றிருந்தார்கள். பார்பராவைத் தூக்கி வைத்துக்கொண்டு அல்போன்ஸ் பவுலினைப் பார்த்தான். அவள் ராத்திரியெல்லாம் அழுது முகம் வீங்கியிருந்தாள்.

"என்னை நாலு அடி அடிச்சுட்டுப் போங்க. இப்படி ஒண்ணும் சொல்லாமப் போகாதீங்க" என்றாள்.

"நீ சொல்லலேன்னா எல்லாரையும் ஏத்தியிருப்பான். அதை நெனைச்சுக்க." பிள்ளையை அவளிடம் கொடுத்தான். "எனக்கு ஒம் மேல கோவமில்ல, பவுலினு. பயமாத்தான் இருக்கு."

அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. எதையும் சிரிப்பில் கரைத்துவிடுகிற மனுசன் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு லோரியில் ஏறினான். கையாட்டக்கூட இடமில்லாமல் நெருக்கி ஏற்றியிருந்தார்கள். லோரி தாப்பா ரோட்டில் இறங்கி, முதல் வளைவிலேயே பனியில் மறைந்துவிட்டது.

பெரிய ஆள் போகும்போது இன்னொரு உத்தரவும் போட்டுவிட்டுப் போயிருந்தார். புல்லை எடுத்தவர்களே புல்லைக் கொண்டுவர வேண்டும். சரிவு பழையபடி பச்சையாகும்வரை அரிசி கிடையாது. அல்போன்ஸின் பேரை ஏட்டிலிருந்து அடித்தாயிற்று. இதைச் சொல்ல வந்தபோது அம்புரோஸ், தன் மனம் கேட்காமல், ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொன்னார். "சீக்கிரம் பச்சை வந்துட்டா அல்போன்ஸ் விசயத்தை நான் ஆபீஸ்ல எடுத்துப் பேசுறேன்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள் பவுலின். பார்பராவைப் பீடோருக்குக் கொண்டுபோவதைக்கூடத் தள்ளிப் போட்டாள். காட்டோரத்தில் லாலாங்கை வேரும் மண்ணுமாகப் பெயர்த்து, கூடையில் சுமந்து வந்து, சரிவில் குழி தோண்டி நட்டாள். பிறந்ததிலிருந்து பிடுங்கிய புல்லை ஒவ்வொன்றாக நட்டாள். பெரணியை நட்டாள், கொடியை நட்டாள். மழையில்லாத நாளில் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். வழியில் போனவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், ஒருவரும் சிரிக்கவில்லை. இராசம்மா தன் துண்டை முடித்துவிட்டு வந்து அவள் துண்டிலும் நடுவாள். அவர்கள் வீட்டில் வெந்த கிழங்கு இலையில் பாதி பார்பராவுக்கு வந்தது. முனியாண்டி மட்டும் பவுலினின் எதிரில் வருவதில்லை. அவளைத் தூரத்தில் கண்டாலே வேறு பாதையில் போய்விடுவான்.

சரிவு பச்சை பிடித்தது. மலையில் புல்லுக்கு என்ன கேடு? வேண்டாம் என்று விரட்டிய காலத்திலேயே வந்தது, வா என்று கூப்பிட்டால் வராதா? மழைக்காலம் முடியும்போது லாலாங் இடுப்புக்கு வந்துவிட்டது. ரோட்டில் ஒரு பிடி மண் விழவில்லை. ஆபீஸிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பவுலின் வீட்டைக் கூட்டி, அல்போன்ஸின் வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டாள். ஒருவேளை அவன் வராவிட்டால் பார்பராவோடு தாப்பாவுக்கு இறங்கிப் போய், அங்கே ரயிலடியில் விசாரிப்பது என்றும் முடிவு பண்ணியிருந்தாள். பேர் அடிபட்ட வீட்டுக்கு எந்தக் கட்டும் இல்லையே, யார் தடுப்பார்கள்?

ஒருநாள் மதியம் கிராணி அம்புரோஸ் ஒரு ஆளின் தலையில் சாக்கை ஏற்றிக்கொண்டு வந்தார். பவுலின் வாசலுக்கு ஓடி வந்தாள்.

"சரிவு நல்லா வந்திருக்குன்னு ஆபீஸ்ல ரொம்பத் திருப்தி" என்றார் அவர். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் பேசினார். "ஒன் துண்டுதான் எல்லாத்துலயும் நல்லா இருக்காம். அல்போன்ஸ் பேரைத் திரும்பவும் சேர்த்துட்டாங்க. இந்த மாசத்துலேருந்து அரிசி உண்டு."

"அப்ப அவரு வந்துருவாரா ஐயா?"

அம்புரோஸ் கூட வந்த ஆளிடம் சாக்கை இறக்கச் சொன்னார்.

"போனவங்களைப் பத்தி இந்த ஆபீஸுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நானும் கேட்டுப் பார்த்தேன். இனிமே அல்போன்ஸை யாரும் சயாமுக்குக் கூப்பிட மாட்டாங்க. அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க."

பவுலினின் கண் தாப்பா ரோட்டுப் பக்கம் போனது.

"தோட்டத்தை விட்டு எங்கயும் போயிராதே" என்றார் அவர். "காவலுக்கு ஒரு ஆள் இருக்கணும். பழைய சட்டம்தான்."

சாக்குக்காரன் அளக்கிற டின்னில் அரிசியை அள்ளிக்கொண்டு, எதில் கொட்டுவது என்று கேட்டான். அதை அவன் முகத்திலேயே விட்டெறிய வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. பார்பரா வீங்கின காலை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, டின்னுக்குள் எட்டிப் பார்த்தாள். பவுலின் முந்தானையை விரித்துப் பிடித்தாள்.